ஒளி புற்றை அழிக்கிறது. ஆனால் எந்தப் புற்றை?

புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருக்கிறது என்று பயாப்சி முடிவு வந்த நாளிலிருந்தே வீட்டில் தேடல் தொடங்கிவிடும். கத்தி வைக்காமல், கரண்ட் வைக்காமல், லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சியே கட்டியை அழிக்கும் சிகிச்சை ஒன்று வெளிநாட்டில் இருக்கிறதாம் என்ற செய்தியும் அந்தத் தேடலில் சீக்கிரமே வந்து சேரும். செய்தி பொய்யல்ல. மருந்தும் ஒளியும் சேர்ந்து புரோஸ்டேட் திசுவை அழிக்கின்றன என்பது நூற்றுக்கணக்கான ஆண்களிடம் நடந்த பரிசோதனையில் நிரூபணமானது. ஆனாலும் இந்த அத்தியாயம் வாசகரிடம் வேறொரு கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்கிறது: என் உடலில் இருக்கும் இந்தப் புற்றுக்கு இப்போது சிகிச்சையே வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஒளிச் சிகிச்சையைப் பற்றி எவ்வளவு படித்தாலும் தெளிவு பிறக்காது. காரணம், இந்தச் சிகிச்சைக்கு இதுவரை கிடைத்திருக்கும் மிக வலுவான சான்று, சிகிச்சை மிகக் குறைவாகவே தேவைப்படும் நோயாளிகளிடமிருந்து வந்தது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். மூன்று பொருள்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூட வேண்டும்: ஒளியை உறிஞ்சும் ஒரு மருந்து, அந்த மருந்துக்கு ஏற்ற அலைநீளமுள்ள ஒளி, திசுவில் இருக்கும் ஆக்சிஜன். மூன்றில் ஒன்று குறைந்தாலும் எதுவும் நடக்காது. மருந்து ரத்தத்தோடு உடல் முழுவதும் சுற்றினாலும், ஒளி படும் இடத்தில் மட்டும்தான் நச்சுத்தன்மை பெறுகிறது. எங்கே அழிக்க வேண்டும் என்பதை மருத்துவர் ஒளியைக் கொண்டு வரையறுக்கிறார். இந்த முறையின் கவர்ச்சியே அதுதான். பழைய தலைமுறை மருந்துகளில் இரண்டு குறைகள் இருந்தன. அவற்றைத் தூண்டும் சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் ஊடுருவும். மருந்தும் தோலில் வாரக்கணக்கில் தங்கி, வெயில் பட்டாலே புண்ணாக்கும். இஸ்ரேலின் வைஸ்மன் அறிவியல் நிறுவனத்தில் அவிக்டோர் ஷெர்ஸ், யோராம் சாலமன் ஆகிய இருவரும் வேறு வழியில் போனார்கள். சூரிய ஒளியைக் கொண்டு வாழும் ஒருவகை பாக்டீரியாவின் பச்சையத்திலிருந்து பாடெலிபோர்ஃபின் என்ற மருந்து பிறந்தது. விற்பனைப் பெயர் டூகாட். இதைத் தூண்டுவது 753 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்கு ஏறத்தாழப் புலப்படாத அகச்சிவப்பையொட்டிய ஒளி. அது திசுவில் ஆழமாகப் போகும். மருந்து ரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கி, சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். ஆகவே இது புற்றணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கொல்வதில்லை. ஒளி பட்ட பகுதியின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சேதமடைந்து, அடைபட்டு, அங்கே ரத்த ஓட்டம் நின்று, திசு மொத்தமாகச் செத்துப்போகிறது. புற்றணுவோடு சேர்ந்து அந்தப் பகுதியின் நல்ல அணுக்களும் அழியும். 'புற்றை மட்டும் தேர்ந்தெடுத்து அழிக்கும் ஒளி' என்று விளம்பரத்தில் படித்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'வெளிச்சம்' என்ற சொல் சிகிச்சையை உண்மையைவிட லேசானதாகக் காட்டிவிடுகிறது. புரோஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், இடுப்பெலும்புக் கூட்டின் ஆழத்தில் இருக்கும் சுரப்பி. உடலுக்கு வெளியிலிருந்து விளக்கைக் காட்டி அதை எட்ட முடியாது. முழு மயக்க மருந்து கொடுத்து, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தோல் வழியாக ஊசிகளைச் செருகி, மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியின் படத்தைப் பார்த்தபடியே, ஒளியிழைகளைச் சுரப்பிக்குள் கொண்டுபோகிறார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற கணக்கில் மருந்து 10 நிமிடம் ரத்த நாளம் வழியே ஏறும். உடனே லேசர் ஒளி சுமார் 22 நிமிடம் பாயும். சிறுநீர் போகக் குழாய் பொருத்தியிருப்பார்கள். அதன்பின் 48 மணி நேரம் நேரடி வெயிலும் பளிச்சென்ற விளக்கும் ஆகாது. முதல் சில மணி நேரம் மங்கலான அறையில், கறுப்புக் கண்ணாடி அணிந்து, கண்காணிப்பில் இருக்க வேண்டும். வெயிலுக்குப் பூசும் கிரீம் இங்கே பயன்படாது. அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தைத் தூண்டும் ஒளியை அல்ல. முழுக்கைச் சட்டை, தொப்பி, கையுறை என்று துணியால்தான் மறைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் ஒன்றிரண்டு நாளில் வீடு திரும்பலாம் என்பது உண்மை. அப்படியும் இது மயக்க மருந்தோடு செய்யப்படும் ஓர் அறுவை நடைமுறைதான்.

இனி சான்று. ஐரோப்பாவின் 10 நாடுகளில் 47 மருத்துவமனைகள் சேர்ந்து, 413 ஆண்களை 2011க்கும் 2013க்கும் இடையே தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கின. 206 பேருக்கு ஒளிச் சிகிச்சை. 207 பேருக்குச் சிகிச்சை எதுவும் தராமல் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனையும் மறு பயாப்சியும் கொண்டு தொடர் கண்காணிப்பு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மார்க் எம்பர்டனும் பிரான்சின் அப்துர்ரஹ்மான் அசூசியும் முன்னின்று நடத்திய இந்த ஆய்வின் முடிவு 2016 இறுதியில் 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வந்தது. 2 ஆண்டில் நோய் முன்னேறியவர்கள் ஒளிப் பிரிவில் 28 சதவீதம், கண்காணிப்புப் பிரிவில் 58 சதவீதம். 24ஆம் மாத பயாப்சியில் புற்று எதுவும் தென்படாதவர்கள் முறையே 49, 14 சதவீதம். எண்கள் பெரியவை, வேறுபாடு தற்செயலாக நேர்ந்ததாக இருக்க வாய்ப்பில்லை. உலகெங்கும் தலைப்புச் செய்தியானதில் வியப்பில்லை. 49 சதவீதம் என்ற எண்ணை மறுபக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். சிகிச்சை பெற்றவர்களில் மற்றப் பாதிப் பேரிடம் புற்று மிச்சமிருந்தது, அல்லது மறு பயாப்சி செய்யப்படாததால் இல்லையென்று சொல்ல முடியவில்லை.

இந்த 413 பேர் யார் என்பதில்தான் விஷயத்தின் மையம் இருக்கிறது. எல்லோருமே குறைந்த அபாயப் பிரிவினர். புரோஸ்டேட் புற்றின் வீரியத்தை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் கிளீசன் மதிப்பெண் இவர்களுக்கு 6. இன்று பயாப்சி அறிக்கையில் எழுதப்படும் மதிப்பெண்ணில் அதுதான் மிகக் கீழ்ப்படி. முழுக்கவும் கிளீசன் 6 ஆக மட்டுமே இருக்கும் கட்டி உடலின் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அரிது. அதைப் 'புற்றுநோய்' என்ற பெயரால் அழைக்கலாமா என்றே மருத்துவர்களிடையே விவாதம் நடக்கிறது. அத்தகைய கட்டியுள்ள ஒருவர் எதுவும் செய்யாமல் கவனமாகக் கண்காணிக்கப்பட்டால் என்ன ஆகும்? பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை ஆள் சேர்த்து நடந்த 'ப்ரொடெக்ட்' ஆய்வு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1,643 ஆண்கள் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். 2023இல் வெளியான 15 ஆண்டு முடிவின்படி, புரோஸ்டேட் புற்றால் இறந்தவர்கள் கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9 சதவீதம். புள்ளியியல் கணக்கில் மூன்றும் ஒன்றே. இத்தனைக்கும் இவர்களில் கிளீசன் 6ஐவிடக் கூடிய வீரியமுள்ள புற்றுக்காரர்களும் கலந்திருந்தார்கள். ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது: நோய் வேறு உறுப்புக்குப் பரவியவர்கள் கண்காணிப்புப் பிரிவில் 9.4 சதவீதம், மற்ற இரு பிரிவிலும் சுமார் 5 சதவீதம்தான். கண்காணிப்பு என்பது கவலையின்றி வீட்டில் இருப்பதல்ல, ஒழுங்காகச் செய்ய வேண்டிய ஒரு மருத்துவ முறை என்பதற்கு இந்த எண்ணே ஆதாரம். ஆனால் குறைந்த அபாயப் புற்றில் உடனே எதையாவது செய்தால்தான் உயிர் தப்பும் என்ற அச்சத்துக்கு இந்த ஆய்வில் இடமில்லை.

இந்த இடத்தில் குடும்பத்தார் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. சின்னதாக இருக்கும்போதே அழித்துவிட்டால் நல்லதுதானே, வளரும்வரை ஏன் விட வேண்டும்? பல புற்றுகளுக்கு இது சரியான வாதம். புரோஸ்டேட்டில் அது தடுமாறுவதற்குக் காரணம், வயதான ஆண்களில் பலருக்கு இத்தகைய சிறு கட்டிகள் இருப்பதும், அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து வேறு காரணத்தால் இறப்பதும்தான். ஒருபோதும் தொல்லை தராத கட்டியை அழித்ததை வெற்றி என்று எப்படிக் கணக்கிடுவது? ஒளிச் சிகிச்சை ஆய்வில் 'நோய் முன்னேற்றம்' என்று எண்ணப்பட்டவற்றில் கிளீசன் மதிப்பெண் கூடுவதோடு, பயாப்சி எடுத்த துண்டுகளில் புற்றுள்ளவை மூன்றுக்கு மேல் போவதும், ஒரு துண்டில் புற்றின் நீளம் 5 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் அடங்கும். சுரப்பியின் ஒரு பக்கத்தையே அழித்துவிட்டால் அங்கிருந்து எடுக்கும் துண்டுகளில் புற்று குறைவாகவே கிடைக்கும். அது மருந்து வேலை செய்ததன் அறிகுறி. ஆயுள் நீண்டதன் அறிகுறியாகிவிடாது. உயிர் பிழைத்தலில் பயன் உண்டா என்று சொல்ல 2 ஆண்டு போதாது. இத்தகைய புற்றில் 10 ஆண்டுகூடச் சில நேரம் போதாது.

ஒரே ஆய்வை வைத்து வெவ்வேறு அமைப்புகள் வெவ்வேறு தீர்ப்புக்கு வந்ததும் இதனால்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2017 நவம்பரில் டூகாட் மருந்துக்கு அனுமதி தந்தது. ஆனால் ஆய்வில் இருந்த எல்லோருக்குமாக அல்ல. புற்று ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், கிளீசன் 6ஐத் தாண்டக் கூடாது, பி.எஸ்.ஏ. 10க்கு மேல் போகக் கூடாது, குறைந்தது 10 ஆண்டு வாழும் எதிர்பார்ப்பு இருக்க வேண்டும், அதோடு 'மிகக் குறைந்த அபாயம்' என்ற கடைநிலையிலும் இருக்கக் கூடாது என்று வட்டத்தைச் சுருக்கியது. பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2018இல் தன் நாட்டுப் பொது மருத்துவச் சேவையில் இதைப் பரிந்துரைக்க மறுத்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 13க்கு 2 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தது. மறு பயாப்சிக்கு வராமல் விட்டவர்களின் எண்ணிக்கை, தான் எந்தப் பிரிவு என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்த ஆய்வு, நீண்டகாலப் பயன் நிரூபணமாகாதது, பக்க விளைவுகள் ஆகியவை அங்கே பேசப்பட்டன. நல்ல சிகிச்சையைப் பெரிய நிறுவனங்கள் அமுக்கிவிட்டன என்று சிலர் இதற்கு உள்நோக்கம் கற்பிக்கிறார்கள். அந்த விளக்கம் தேவையே இல்லை. மருந்து திசுவை அழிக்கிறதா என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அழிப்பதால் இந்த நோயாளிக்கு என்ன நன்மை என்பதில்தான் கருத்து பிரிந்தது.

ஒளிச் சிகிச்சைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் மிக வலுவான வாதத்தை இனிதான் எடுத்துக்கொள்ள வேண்டும். காகிதத்தில் கண்காணிப்பு சரி. நடைமுறையில் உடம்பில் புற்றை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்கள் பொறுமையாக இருக்கிறார்கள்? இந்த ஆய்வின் 4 ஆண்டுத் தொடர் முடிவு 2018இல் வந்தபோது, கண்காணிப்புப் பிரிவில் 53 சதவீதத்தினர் அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ போய்விட்டார்கள். ஒளிப் பிரிவில் 24 சதவீதம்தான். முழுச் சுரப்பியையும் எடுக்கும் அறுவை எத்தனை ஆண்களுக்குச் சிறுநீர்க் கசிவையும் விறைப்புத்தன்மை இழப்பையும் தருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அதற்குப் போகக்கூடியவர்களில் பாதிப் பேருக்கு அதைத் தவிர்ப்பது அல்லது தள்ளிப்போடுவது சிறிய நன்மை அல்ல. என் தீர்ப்பில், இந்தச் சிகிச்சையின் உண்மையான பெறுமதி இதுதான்; வேறெதையும்விட இதைத்தான் அதன் ஆதரவாளர்கள் முன்வைத்திருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு தடைகள் எஞ்சுகின்றன. அறுவைக்குப் போகும் முடிவை எடுத்தவர்கள், தாங்கள் எந்தச் சிகிச்சையும் பெறாதவர்கள் என்று தெரிந்தே எடுத்தார்கள்; பயமும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது. அதோடு, ஆளைத் தேர்வு செய்ய எம்.ஆர்.ஐ. கட்டாயமாக இல்லாத காலத்து ஆய்வு இது. இன்று பயாப்சிக்கு முன்பே எம்.ஆர்.ஐ. எடுத்து, ஒளிந்திருக்கும் வீரியமான கட்டியைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட முடிகிறது. எஞ்சியவர்களைக் கண்காணிப்பில் வைப்பது முன்பைவிடப் பாதுகாப்பாகிவிட்டது. பயம்தான் சிக்கல் என்றால், அதற்கு முதல் மருந்து நல்ல எம்.ஆர்.ஐ.யும், பயாப்சித் திசுவின் ஸ்லைடை இன்னொரு நோயியல் மருத்துவரிடம் காட்டிப் பெறும் இரண்டாவது கருத்தும்.

பக்க விளைவே இல்லாத சிகிச்சை என்ற பேச்சையும் எடைபோட வேண்டும். அறுவையோடு ஒப்பிட்டால் இது மென்மையானது, குறிப்பாகச் சிறுநீர்க் கசிவில். எதுவும் செய்யாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் மென்மையானதல்ல. கடுமையான பாதகங்கள் ஒளிப் பிரிவில் 30 சதவீதம் பேருக்கும் கண்காணிப்பில் 10 சதவீதம் பேருக்கும் பதிவாயின. சிறுநீர் அடைத்துக்கொண்டவர்கள் 15 பேர். எல்லோருக்கும் 2 மாதத்துக்குள் சரியாகிவிட்டது. சிறுநீரில் ரத்தம், எரிச்சல் ஆகியவை பலருக்கு வந்து போயின. விறைப்புத்தன்மைக் குறைவு ஒளிப் பிரிவில் மூவரில் ஒருவருக்கு மேல் பதிவானது. பெரும்பாலும் மிதமானதே என்றாலும், கண்காணிப்பில் அது பத்தில் ஒருவர் அளவில்தான் இருந்தது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு, மனைவியிடமும் மருத்துவரிடமும் பேசாமலே கையெழுத்துப் போடும் ஆண்கள் நம்மிடையே அதிகம். முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்படியானால் ஒளிக்கு எங்கே இடம்? குறைந்த அபாயத்துக்கும் உயர்ந்த அபாயத்துக்கும் நடுவில், கிளீசன் 7இன் மென்மையான வகையாகிய 3+4 கட்டி ஒரே பகுதியில் இருக்கும் ஆண்களிடம்தான் இதன் எதிர்காலம் இருக்கும் என்று கருதுகிறேன். அவர்களுக்குச் சிகிச்சை தேவை. முழுச் சுரப்பியையும் இழக்கும் தேவை எல்லோருக்கும் இல்லை. அந்தப் பிரிவில் பாடெலிபோர்ஃபினைக் கொண்டு நியூயார்க்கில் ஆய்வு நடந்திருக்கிறது. தங்கம் பூசிய நுண்ணிய சிலிகாத் துகள்களை ரத்தத்தில் ஏற்றி, அகச்சிவப்பு ஒளியால் அவற்றைச் சூடேற்றிக் கட்டியைக் கருக்கும் இன்னொரு முறையும், 2019இல் 16 ஆண்களிடம் நடந்த தொடக்க ஆய்வோடு வெளிவந்தது. இது முந்தையதிலிருந்து வேறுபட்டது. இங்கே ஆக்சிஜன் வினை கிடையாது, வெப்பம்தான் அழிக்கிறது. இரண்டுக்கும் பொதுவான இடர் ஒன்று: புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் ஒரே சுரப்பியில் பல இடங்களில் முளைக்கும். பெரிய கட்டியை அழித்தபின் மறுபக்கத்தில் சிறியது எஞ்சியிருக்கலாம். அது பிறகு வளருமா என்பதைக் கண்காணிப்புதான் சொல்லும். கண்காணிப்பிலிருந்து தப்பிக்கத்தான் ஒளிச் சிகிச்சை என்று எண்ணி வருபவர், சிகிச்சைக்குப் பிறகும் அதே கண்காணிப்பில்தான் இருப்பார்.

எலும்புக்கோ நிணநீர்க் கணுவுக்கோ பரவிய நோயுள்ளவர்களுக்கு இதில் இடமில்லை. இந்தியாவில் பலர் நோய் பரவிய பிறகே மருத்துவரிடம் வருவதால், இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுரப்பிக்குள் பாய்ச்சும் ஒளி முதுகெலும்பில் இருக்கும் புற்றைத் தொடாது. அங்கே தேவை ஹார்மோன் சிகிச்சையும் அதோடு சேர்ந்த மருந்துகளும். அவற்றை ஒத்திவைத்துவிட்டு ஒளியைத் தேடி அலைவது கைக்கெட்டிய நன்மையை நழுவவிடுவது. வீட்டில் அடிவயிற்றின் மேல் காட்டிக்கொள்ளும் சிவப்பு விளக்குகள், ஒளி பெல்ட்டுகள் என்று விற்பவற்றுக்கும் இந்தச் சிகிச்சைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நம் மருத்துவ மரபில் வெண்புள்ளிக்குக் கார்போகரிசியை வெயிலோடு சேர்த்துப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அதிலுள்ள சோராலன் ஒளியால் வினைபுரியும் பொருள் என்பதும் உண்மை. அது தோலின் மேற்பரப்போடு நிற்கும் செயல். அதைச் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நின்றால் புரோஸ்டேட் கட்டி கரையும் என்று எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். தோல் வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பயாப்சி அறிக்கை, எம்.ஆர்.ஐ. படம், இதுவரை எடுத்த எல்லா பி.எஸ்.ஏ. முடிவுகள் மூன்றையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்லுங்கள். கிளீசன் மதிப்பெண் என்ன, எத்தனை துண்டுகளில் புற்று, ஒரு பக்கமா இரு பக்கமா, எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கட்டியிலிருந்துதான் பயாப்சி எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அடுத்து, நான் எதுவும் செய்யாமல் கண்காணிப்பில் இருந்தால் 10 ஆண்டில் எனக்கு என்ன நேரக்கூடும் என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்த பிறகே ஒளி, உறைய வைத்தல், உயர் செறிவு அல்ட்ராசவுண்ட் போன்ற பகுதிச் சிகிச்சைகளின் பேச்சை எடுங்கள். எவரேனும் அவற்றில் ஒன்றைப் பரிந்துரைத்தால், அது அனுமதி பெற்ற சிகிச்சையா, பதிவு செய்யப்பட்ட ஆய்வின் பகுதியா, இரண்டும் இல்லையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் உங்கள் மொழியில் எழுதிய ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் பி.எஸ்.ஏ. பூஜ்யத்துக்கு இறங்கவில்லை என்று அதிர வேண்டாம். சுரப்பியின் பாதி உயிரோடு இருக்கும்போது அது இறங்காது. எந்த அளவுக்குக் கீழே வந்தால் போதும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பும் கிடையாது. அதனால் எம்.ஆர்.ஐ.யும் மறு பயாப்சியும் எந்த மாதத்தில், எங்கே, எவர் செலவில் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். புற்று திரும்பினால் பிறகு அறுவை செய்ய முடியும். ஆனால் ஒளி பட்ட இடத்தில் தழும்பு கட்டியிருக்கும் என்பதால், அப்படிப்பட்ட சுரப்பியில் அறுவை செய்து பழகிய மருத்துவரா என்று விசாரித்துவிட்டே தேதி குறிக்க வேண்டும்.